எல்பே கரையில் கட்டுச்சோறு

ஜெர்மனியில் படிக்கும் நம் பிள்ளைகளைக் கிறிஸ்தவ மாணவர் குழுக்கள் ஒரு நாள் உலாவுக்கு அழைக்கின்றன. போகலாமா? போனால் என்ன நடக்கும்? போய் வந்த பிறகு?

டிரெஸ்டன் மத்திய ரயில் நிலையம். ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை, காலை எட்டரை மணி. வெயில் அடிக்கிறது, ஆனாலும் பேசினால் வாயிலிருந்து ஆவி வருகிறது. நடைமேடையில் இருபது பேர் போலக் கூடி நிற்கிறார்கள். முதுகுப்பை, மலையேறும் பூட்ஸ், ஒருவர் தோளில் கிதார். கரூரிலிருந்து வந்து இங்கே இயந்திரவியல் முதுகலை படிக்கும் பெண் கொஞ்சம் தள்ளி நிற்கிறார். கையில் துணிப்பை, உள்ளே எவர்சில்வர் தூக்கு நிறையப் புளியோதரை. ஹாஸ்டலின் பொதுச் சமையலறையை ஆள் இல்லாத நேரத்தில் பிடிக்க வேண்டுமென்று ஐந்து மணிக்கே எழுந்து கிளறியது.

"சனிக்கிழமை மலைக்குப் போகிறோம், வருகிறாயா?" என்று கேட்டவர் ஆய்வகத்தில் கூட வேலை செய்யும் ஜெர்மானியப் பெண். இந்த ஊருக்கு வந்த பிறகு உள்ளூர்க்காரர் ஒருவர் அவரை வெளியே கூப்பிட்டது அதுவே முதல் தடவை. பிறகு வாட்ஸ்அப்பில் வந்த தகவலில்தான் விவரம் இருந்தது. கிறிஸ்தவ மாணவர் குழுவின் உலா. நடை, மதியச் சாப்பாடு, பாட்டு, சிறு தியானம். எந்த மதத்தவரும் வரலாம், மதம் இல்லாதவரும் வரலாம். முதல் நாள் இரவு அம்மாவிடம் சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சர்ச்சுக்காரங்க கூடவா? சரி, பார்த்துப் போயிட்டு வா. ஏதாவது கையெழுத்து கேட்டா மட்டும் போட்டுடாதே."

எஸ்-1 ரயில் எல்பே ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. ராதனில் இறங்கினால் ஊர் அக்கரையில் இருக்கிறது. கடத்துப் படகு நீண்ட கம்பிவடத்தில் கட்டப்பட்டு, நீரோட்டத்தின் வேகத்திலேயே ஆற்றைக் கடக்கிறது. இயந்திரவியல் படிப்பவருக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க மனமில்லை. படகோட்டி எப்படித் திசை மாற்றுகிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கப்போய், அந்தக் கூட்டத்தில் அவருடைய முதல் பேச்சு அங்கேதான் தொடங்கியது. பிறகு ஏற்றம். உச்சியில் பாஸ்டாய்: ஆற்றிலிருந்து 194 மீட்டர் உயரத்தில் மணற்பாறைத் தூண்கள், அவற்றின் நடுவே 1851இல் கட்டிய கல்பாலம்.

பாறை மறைவில் உட்கார்ந்து மூட்டைகளைப் பிரித்தார்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய், அவித்த முட்டை. சாப்பிடுமுன் ஒருவர் கண்ணை மூடி இரண்டு வரி ஜெபம் சொன்னார். புளியோதரை ஐந்து நிமிடத்தில் காலி. தூக்கின் அடியில் தங்கிய வேர்க்கடலையைக்கூட ஒரு பிரேசில் மாணவர் பொறுக்கித் தின்றார். அதன்பின் கிதார், அதன்பின் பத்து நிமிடத் தியானம். கரூர்ப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார், பாடவில்லை. யாரும் பாடச் சொல்லவும் இல்லை. இறக்கத்தில் கூட நடந்த மாணவர் கேட்டார்: "உங்கள் வீட்டில் எப்படிக் கும்பிடுவீர்கள்?" குலதெய்வக் கோயில், மாசி மாதப் பூசை, கிடாவெட்டு, பாட்டி பூசிவிடும் விபூதி என்று ஆரம்பித்தவர், படகுத்துறை வரும்வரை நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமையின் நீளம்

இந்த உலாக்களைப் பற்றி நம் மாணவர்களிடையே பேச்சு பெருகக் காரணம், ஆள் பெருகிவிட்டதுதான். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் படிக்கும் வெளிநாட்டவரில் இந்தியர்கள் 2022-23லேயே சீனர்களை முந்திவிட்டார்கள். 2023-24இல் எண்ணிக்கை 49 ஆயிரத்தைத் தாண்டியது. மறு ஆண்டு 59 ஆயிரத்தை எட்டியது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். வாடகையும் மருத்துவக் காப்பீடும் போனால் ஊர் சுற்ற மிஞ்சுவது சொற்பம்.

பணத்தைவிடக் கொடியது ஞாயிறு. சட்டப்படி கடைகள் அடைப்பு. தெருவில் ஆள் அரவம் இருக்காது. தமிழ் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சாம்பார் வைத்து, ஒரு படம் பார்த்தால் பொழுது போகும், மறுப்பதற்கில்லை. ஆனால் படித்து முடித்து வேலைக்கே போய்விட்ட பிறகும் ஓர் உள்ளூர் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை என்று சொல்கிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஜெர்மனியில் நட்பு பெரும்பாலும் சங்கங்கள் வழியே உண்டாகிறது: பாட்டுக் குழு, கால்பந்துக் குழு, மலையேறும் குழு. அங்கெல்லாம் நாம்தான் தேடிப் போய்ச் சேர வேண்டும். புதிதாய் வந்தவரைத் தேடி வந்து கூப்பிடும் குழு எது என்று பார்த்தால், கிறிஸ்தவ மாணவர் குழு முன்வரிசையில் நிற்கிறது.

கூப்பிடுகிறவர்கள் யார்?

புரொட்டஸ்டண்ட் திருச்சபையின் மாணவர் சபை, கத்தோலிக்க மாணவர் சபை ஆகிய இரண்டும் திருச்சபைகளின் பொறுப்பில், தமக்கென ஒரு குருவோ பொறுப்பாளரோ வைத்து நடப்பவை. எஸ்.எம்.டி. என்ற அமைப்பு வேறு. 1949இல் தொடங்கி, மார்பூர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. உள்ளூர்க் குழுக்களை மாணவர்களே நடத்துகிறார்கள். நம் ஊர்க் கல்லூரிகளில் 'ஈ.யூ.' என்று அறியப்படும் குழுக்களுக்கு இதை உறவுமுறை என்றே சொல்லலாம். இரண்டும் ஒரே உலக அமைப்பைச் சேர்ந்தவை.

நோக்கத்தை மூடி மறைக்க வேண்டியதில்லை. எஸ்.எம்.டி. போன்ற குழுக்கள் நற்செய்தி சொல்வதைத் தங்கள் அடிப்படைக் கடமையாகக் கருதுகின்றன. திருச்சபை மாணவர் சபைகள் விருந்தோம்பலையும் உரையாடலையும் முன்னே வைக்கின்றன. புரொட்டஸ்டண்ட் மாணவர் சபைகள் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் பண நெருக்கடியில் சிக்கினால் அவசர உதவி பெறவும் வழி செய்கின்றன. இவை எதிலும் குற்றம் இல்லை. ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 4ஆம் பிரிவு நம்புவதற்கும், நம்பாமல் இருப்பதற்கும், நம்பியதை வெளியே சொல்வதற்கும் உரிமை தருகிறது. தவறு நுழையும் இடம் வேறு. அதற்குப் பிறகு வருவோம்.

டிரெஸ்டன், லைப்சிக் பக்கம் படிக்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஐரோப்பா என்றாலே ஊரெல்லாம் கிறிஸ்தவம் என்ற எண்ணத்தோடு நாம் விமானம் ஏறுகிறோம். ஆனால் இந்த ஊர்கள் இருக்கும் பழைய கிழக்கு ஜெர்மனியில் எந்தச் சபையிலும் சேராதவர்களே பெரும்பான்மை. 1953இல் கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் அரசு கிறிஸ்தவ இளைஞர், மாணவர் குழுக்கள் மேல் பாய்ந்தது. மாணவர்கள் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். லைப்சிக் மாணவர்களின் குருவாக இருந்த ஸீக்ஃப்ரீட் ஷ்முட்ஸ்லர் 1957இல் கைதாகி ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அதே நகரில் நிக்கோலாய் தேவாலயத்தின் திங்கட்கிழமை ஜெபக்கூட்டங்களிலிருந்து கிளம்பிய மக்கள், 1989 அக்டோபர் 9 அன்று எழுபதாயிரம் பேராகத் தெருவில் நடந்தார்கள். அடுத்த மாதம் பெர்லின் சுவர் திறந்தது.

இந்தப் பின்னணி ஏன் முக்கியம்? அங்கே வகுப்பில் "நான் சர்ச்சுக்குப் போகிறேன்" என்று சொல்லும் மாணவர் இன்றும் தனி ஆள். சாமி கும்பிடுவதைச் சங்கடமில்லாமல் பேசும் ஒருவர் அவருக்கும் எளிதில் கிடைப்பதில்லை. குலதெய்வத்தைப் பற்றி அந்த மாணவர் கேட்டதில் விசாரணை இல்லை, ஏக்கம்தான் இருந்தது என்று கரூர்ப் பெண்ணுக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

────────────
மாணவர் இயக்கம்: சில ஆண்டுகள்

1895: உலக மாணவர் கிறிஸ்தவக் கூட்டமைப்பு, ஸ்வீடனின் வாட்ஸ்டேனாவில் உருவாகிறது. ஜான் மோட் முன்னணியில் இருக்கிறார்.

1947: சுவிசேஷ மாணவர்களின் சர்வதேச அமைப்பான ஐ.எஃப்.ஈ.எஸ். தொடக்கம்.

1949: ஜெர்மனியில் எஸ்.எம்.டி.

1954: இந்தியாவில் யூ.ஈ.எஸ்.ஐ.; கல்லூரிகளில் இதன் கிளைகளே 'ஈ.யூ.'
────────────

துணைக்கு ஆள்

ஓர் உலா என்ன தந்துவிடும் என்று கேட்டால், பாறையும் ஆறும் அல்ல பதில். கூட நடந்தவரிடம் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி அர்த்தம் கேட்கலாம். குடியேற்ற அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கச் சொல்லலாம். வகுப்பில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளும் மாணவர் நாள் முழுக்க ஜெர்மன் காதில் விழ நடந்தால், அடுத்த வாரம் கடைக்காரரிடம் வாய் திறக்கத் துணிச்சல் வருகிறது. ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. அந்த வேலை எங்கே இருக்கிறது என்ற தகவலும் இப்படித்தான் கைமாறுகிறது.

வெளியே அதிகம் பேசாத ஒரு காரணமும் உண்டு. டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் 2024இல் நடந்த தேர்தலில் குடியேறிகளை எதிர்க்கும் ஆ.எஃப்.டி. கட்சி முப்பது சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியது. எஸ்-1 ரயில் தாண்டிப் போகும் பிர்னா நகரில், 2023 டிசம்பரில் அந்தக் கட்சி நிறுத்திய வேட்பாளரே மேயரானார். மாநிலத்தின் மிக அழகான மலைப்பகுதிக்குத் தனியாகப் போகத் தயங்கும் மாணவிகள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தை மிகை என்று ஒதுக்க நான் தயாரில்லை. உள்ளூர் முகங்கள் பத்து கூட இருக்கும்போது அதே ரயில் வேறு ரயிலாகிவிடுகிறது.

சாப்பாட்டு விஷயத்தில் அன்பு மட்டும் போதாது, விவரமும் வேண்டும். காயல்பட்டினத்து முஸ்லிம் மாணவர் ஒருவர் போன உலாவில் எல்லோருக்கும் பொட்டலம் பொட்டலமாகக் கரடி மிட்டாய் கொடுத்தார்கள். அந்த மிட்டாய்களில் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும் என்று கொடுத்தவருக்குத் தோன்றவே இல்லை. மாணவர் சொன்னதும் கொடுத்தவர்கள் முகம் சிவந்து போனார்கள். அடுத்த உலாவின் தகவலில் "யார் எதைச் சாப்பிட மாட்டீர்கள்?" என்ற கேள்வி தனி வரியாக வந்தது. அவர் தொழுகையை முடித்து வரும் வரை குழு ஓர் இடத்தில் காத்திருக்கும் என்பதும் முன்கூட்டியே பேசி முடிவானது.

அந்தப் பத்து நிமிடம்

பெற்றோரின் பயம் எல்லாம் தியானத்தின் மேல்தான். நான் விசாரித்தவரை, மாணவர்களை உறுத்துவது அதுவல்ல. நம் ஊரில் கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவர்கள் ஏராளம். காலை ஜெபத்தில் கைகட்டி நின்ற அனுபவம் பலருக்கு உண்டு. உறுத்துவது சொல்லாமல் அழைப்பது. அழைக்கும்போது மலை என்று சொல்லி, போன பிறகு பிரசங்கம் என்று ஆனால், அடுத்து அதே ஆள் காபிக்குக் கூப்பிட்டாலும் சந்தேகம் வரும். ஒரு வரி முன்னதாகச் சொல்லியிருந்தால் இந்தக் கசப்பு வராது.

இப்படி ஏமாற்றக் கூடாது என்று கிறிஸ்தவ உலகமே எழுதி வைத்திருக்கிறது. உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும், உலகச் சுவிசேஷக் கூட்டணியும் சேர்ந்து 2011 ஜூனில் ஜெனீவாவில் ஓர் ஆவணம் வெளியிட்டன. பல சமய உலகில் சாட்சி சொல்வது எப்படி என்பது அதன் பொருள். ஏமாற்று, கட்டாயம், பொருளாசை காட்டுவது, பிறருடைய வறுமையையும் இயலாமையையும் பயன்படுத்திக்கொள்வது எல்லாவற்றையும் அது நிராகரிக்கிறது. வீட்டை விட்டு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இருபத்திரண்டு வயதுக்காரரின் தனிமையும் ஓர் இயலாமைதான் என்று நான் நினைக்கிறேன்.

நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, இதே விஷயத்தை ஒரு தமிழர் உலக மேடையில் பேசி. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி.எஸ். அசரியா, ஒய்.எம்.சி.ஏ.வில் இளைஞர்களிடையே வேலை செய்தவர். பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 1910இல் எடின்பர்க் மிஷனரி மாநாட்டில், மேற்கத்திய மிஷனரிகள் நிறைந்த அவையில் எழுந்து, நீங்கள் எங்களுக்காகப் பொருளும் உயிரும் தந்தீர்கள், ஆனால் எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். தங்கள் கூடவே வேலை செய்யும் இந்தியரைச் சாப்பாட்டு மேசைக்கு அழைக்காத மிஷனரிகளைப் பற்றிய வேதனை அந்தப் பேச்சில் இருந்தது. சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த மாநாட்டில் இன்றும் நினைவில் நிற்கும் பேச்சு அதுதான்.

அசரியா கேட்டது உதவியை அல்ல, சம நிலையை. ஒரு நாள் உலாவிலும் கேட்க வேண்டியது அதையே. அழைத்துப் போகிறவர் எப்போதும் கொடுப்பவராகவும், போகிறவர் எப்போதும் வாங்குபவராகவும் இருந்தால் அங்கே நட்பு முளைக்காது, நன்றிக்கடன்தான் முளைக்கும். நன்றிக்கடனில் இருப்பவருக்கு 'மாட்டேன்' என்று சொல்ல நா எழாது.

────────────
போகும் முன்

குழுவின் முழுப் பெயர் என்ன, எந்தத் திருச்சபையோடு அல்லது அமைப்போடு சேர்ந்தது என்று கேளுங்கள். நேர்மையான குழு உடனே சொல்லும். பெயரைச் சொல்லத் தயங்கினால், தனியாக ஒருவரோடு மட்டும் பைபிள் பாடம் என்று வற்புறுத்தினால், வீட்டாரிடம் சொல்ல வேண்டாம் என்றால் விலகிவிடுங்கள். சந்தேகத்துக்குரிய குழுக்களைப் பற்றி விசாரிக்க ஜெர்மன் திருச்சபைகளே ஆலோசகர்களை வைத்திருக்கின்றன.

உலாவுக்குப் போவதால் யாரும் சபை உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. வரியும் வராது. ஆனால் நகர அலுவலகத்தில் முகவரி பதியும்போது மதம் என்ற கட்டத்தில் கத்தோலிக்கர் அல்லது புரொட்டஸ்டண்ட் என்று எழுதினால், பிற்பாடு வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கும்போது அந்த வரியில் 8 அல்லது 9 சதவீதம் திருச்சபை வரியாகச் சேரும். சாக்சனியில் 9 சதவீதம்.

மழைச் சட்டை, பிடிமானமுள்ள ஷூ, தண்ணீர், பகிர்ந்துகொள்ள ஏதாவது ஒரு பண்டம். புளியோதரை கெடாது.
────────────

நம் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேறு சோதனை

தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் போகும் கிறிஸ்தவ மாணவர்களுக்கு இந்த உலா வீட்டுக்குப் போவது போல இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இருப்பதில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போனால் பெரிய கோயிலில் நரைத்த தலைகள் நாலைந்து வரிசை. நம் ஊர்க் கன்வென்ஷன் பந்தலும், ஒலிபெருக்கியும், கூட்டமும் பழகிய மனம் அங்கே திகைக்கிறது. மாணவர் குழுவில்தான் தன் வயதுக்காரர்களைப் பார்க்கிறார்கள். அவர்களோ பைபிள் வசனத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இது எனக்குப் புரியவில்லை, இதை நான் ஏற்கவில்லை என்று வெளிப்படையாக விவாதிக்கிறார்கள். பக்தி குறைவோ என்று முதலில் தோன்றும். சிலருக்கு அதுவே பெரிய விடுதலையாகவும் ஆகிவிடுகிறது.

ஏற்றத்தில் மூச்சு வாங்க நடக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "இந்தியக் கிறிஸ்தவர்களிடமும் சாதி இருக்கிறதா?" மழுப்பலாம். இருக்கிறது என்று சொல்லி, தனித்தனிக் கல்லறைகளைப் பற்றியும், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதிச் சலுகைக்கு வெளியே நிற்பதைப் பற்றியும் பேசலாம். ஊரில் ஜெபக்கூட்டத்தில் ஒருபோதும் வாய்விட்டுப் பேசாததை அந்நியர் முன் பேச நேர்வது வலிக்கும். அந்த வலி நல்லது என்பது என் கருத்து.

இன்னொரு வழியிலும் இந்த உலாக்கள் நம்மைத் தேடி வருகின்றன. டிரெஸ்டனிலிருந்து சற்று தூரத்தில், மசாலா கேக்குக்குப் பெயர்போன புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு பிறந்த ஊர் அது. லைப்சிக்கிலிருந்து சிறிது நேர ரயில் பயணத்தில் ஹாலே. அங்கே வார்த்த தமிழ் அச்செழுத்துகள்தான் 1713இல் தரங்கம்பாடிக்கு வந்தன. அங்குள்ள ஃபிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் இருக்கின்றன. "அடுத்த முறை ஹாலேக்குப் போகலாம், நான் படித்துக் காட்டுகிறேன்" என்று ஒரு தமிழ் மாணவர் சொன்னால், அன்றைக்கு வழிகாட்டி அவர்தான்.

இரண்டாவது அழைப்பு

உலா முடிந்த இரண்டு நாளில் செய்தி வரும்: "செவ்வாய் மாலை பைபிள் படிக்கிறோம், வருகிறாயா?" இந்த விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது, மலையில் அல்ல. சிலர் ஆர்வத்தோடு போகிறார்கள். சிலர் சாப்பாட்டுக்காகவும் கதகதப்புக்காகவும் போய், தர்மசங்கடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் பதிலே போடாமல் நட்பையும் சேர்த்து அறுத்துக்கொள்கிறார்கள். நம் பண்பாட்டில் நேரே மறுப்பது மரியாதைக் குறைவு என்று பழகிவிட்டதால், மறைந்துபோவதே நாகரிகம் என்று நினைக்கிறோம். ஜெர்மானியருக்கு அது விளங்காது. வரவில்லை என்று சொன்னால் வரவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு முறை மறுத்த பிறகு செய்திகள் நின்றுபோன மாணவர் ஒருவரும் உண்டு. முதல் உலாவில் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள், உணவுக்கூடத்தில் எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். ஊரை விட்டு வந்ததைவிட அது அதிகம் வலித்தது என்றார். அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு குழு கடவுளின் அன்பைப் பற்றி ஆயிரம் பேசலாம்; மறுத்த மாணவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் அந்தப் பேச்சை அதுவே அழித்துவிடுகிறது. குழுவை நடத்துகிறவர்கள் ஆண்டு முடிவில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிறார்கள். வேண்டாம் என்றவர்களில் எத்தனை பேரோடு இன்னும் பேசுகிறோம் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

கரூர்ப் பெண் செவ்வாய்க்கிழமைக்கு வர முடியாது என்று எழுதினார். "எனக்கு என் சாமி போதும், ஆனால் அடுத்த நடைக்குக் கட்டாயம் வருவேன்" என்ற வரியை மூன்று முறை திருத்தினார். "அப்படியே ஆகட்டும், ஆனால் புளிச்சோறு கொண்டு வர வேண்டும்" என்று பதில் வந்தது. கோடையில் மறுபடி போனார்கள். குளிர்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டபோது சூப் கொண்டுவந்து கதவருகே வைத்துவிட்டுப் போனவர், ஆய்வகத்தில் அவரை முதலில் அழைத்த அதே பெண்.

ஜனவரியில் பொங்கல் வந்தது. இந்த முறை தகவல் அனுப்பியவர் கரூர்ப் பெண். பொதுச் சமையலறையில், மின் அடுப்பில் பொங்கல். சூரியனுக்குப் படைத்துக் கும்பிடுவோம், அது எங்கள் வழிபாடு. அதில் கலந்துகொள்ள வேண்டிய கட்டாயமில்லை, பால் பொங்கும்போது கத்தலாம், சாப்பிட எல்லோரும் வாருங்கள் என்று விவரமாக எழுதியிருந்தார். மாணவர் குழுவிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். படைக்கும்போது இருவர் தாழ்வாரத்தில் நின்றுகொண்டார்கள். மற்றவர்கள் உள்ளே இருந்து பார்த்தார்கள். அம்மா வீடியோ அழைப்பில் இருந்தார். பாலில் அரிசி போடும் நேரத்தை அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர், தாழ்வாரத்தில் நிற்கிற அந்த ரெண்டு பிள்ளைங்களுக்கும் முந்திரி நிறையப் போட்டுக் கொடு என்றார்.